மகாவித்துவான் வீட்டுக்குள் உ.வே.சா. எவ்வளவு தூரம் போகிறார்?

பொன்வண்டு

அப்பாவுக்குக் கண் மங்கி இரண்டு வருஷமாகிறது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஏதாவது ஒரு புத்தகத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறேன். போன மழைக்காலத்தில் எடுத்த உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ சித்திரையில் முடிந்தது. முடிந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கிய தொடர் அது. எழுதியவர் 1942 ஏப்ரலில் காலமாகிவிட்டார், புத்தகம் 122ஆம் அத்தியாயத்தோடு நின்றுவிடுகிறது. அப்பாவுக்கு அப்படி நின்றது தாங்கவில்லை. “வாத்தியாரைப் பத்தித் தனியா எழுதியிருக்காரே, அதை எடு” என்றார்.

இப்போது அவருடைய ஆசிரியர் மகாவித்துவானைப் பற்றிய ‘ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்’ ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் பிள்ளையின் கல்யாணம் வந்தது. மனைவி பெயர் காவேரியாச்சி என்று படித்துவிட்டு மேலே போனேன். இரண்டு நாள் கழித்து, மாணவர்கள் வீடு நிறைய இருந்து படிக்கிற இடத்தில் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். “இத்தனை பேருக்கு அந்த வீட்ல சோறு நடக்குதே. அந்தம்மாவைப் பத்தி ஏதாவது சொல்றாரா?” என்று கேட்டார். புரட்டிப் பார்த்தேன். பெயர் இருக்கிறது, ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னையும் விடவில்லை. ஒரு கவிஞரின் வாழ்க்கையை எழுதுகிறவர் அவர் வீட்டுக்குள் எவ்வளவு தூரம் போக வேண்டும்? உ.வே.சா. எங்கே நிற்கிறார்? ஏன் அங்கே நிற்கிறார்? இரண்டு புத்தகத்தையும் படித்தவர்கள் சொல்லுங்கள். பாதியில்தான் இருக்கிறேன், இருந்தாலும் பின்னால் வருவதைச் சொன்னால் வருத்தப்பட மாட்டேன்.

பழம்பதிப்பு

நல்ல கேள்வி அம்மா. பதிலுக்கு முன்னால் சில வருஷங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உதவும்.

பிள்ளை பிறந்தது 1815. சாமிநாதையர் 1855. மாயூரத்தில், அதாவது இன்றைய மயிலாடுதுறையில், பிள்ளையிடம் சேர்ந்தது 1871. அப்போது பையனுக்குப் பதினாறு வயது, ஆசிரியருக்கு ஐம்பத்தாறு. 1876 பிப்ரவரி 1ஆம் தேதி பிள்ளை காலமாகிறார். கூட இருந்தது ஐந்து வருஷத்துக்கும் குறைவு. சரித்திரத்தின் முதற் பாகம் அச்சானது 1933இல், அடுத்த பாகம் 1934இல். அப்போது ஐயருக்கு எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது வயது. குரு போய் ஐம்பத்தேழு வருஷம் கழித்து எழுதுகிறார். குரு வாழ்ந்த வயதைவிடப் பதினெட்டு வயது மூத்தவராக இருந்துகொண்டு எழுதுகிறார்!

ஆகவே அந்தப் புத்தகத்தில் இரண்டு விதமான சரக்கு இருக்கிறது. தான் வருவதற்கு முந்தைய ஐம்பத்தாறு வருஷம் முழுக்கக் கேட்டறிந்தது. பழைய மாணவர்கள், திருவாவடுதுறை மடத்தைச் சேர்ந்தவர்கள், பிள்ளையைத் தெரிந்த ஊர்ப் பெரியவர்கள் என்று தேடிப்போய்க் கேட்டு, கடிதங்களையும் தனிப்பாடல்களையும் சேர்த்துவைத்து எழுதியது. பிந்தைய ஐந்து வருஷம் கண்ணால் கண்டது. படிக்கும்போதே இந்த வித்தியாசம் தெரியும். முதல் பகுதியில் பிள்ளை எங்கே போனார், யாரிடம் எந்த நூல் பாடம் கேட்டார், எதைப் பாடினார் என்ற வரிசை. பின்னால் வரும்போதுதான் அவர் நடை, உட்காரும் விதம், மனக்கஷ்டத்தில் பேசாமல் இருப்பது எல்லாம் வருகிறது.

காவேரியாச்சி அந்த முதல் பகுதியில் நுழைகிறார். யாரிடம் கேட்டு அந்தம்மாளைப் பற்றி எழுதியிருப்பார்? தகவல் சொன்னவர்கள் எல்லாருமே திண்ணையில் உட்கார்ந்து பாடம் கேட்டவர்கள்தானே. என் ஊகம் இது, அவ்வளவுதான்.

நெய்தல்

எல்லாருக்கும் வணக்கம். நான் கொஞ்சம் மாற்றிப் பேசப் போகிறேன், கோபிக்க வேண்டாம்.

‘என் சரித்திரம்’ எனக்கும் உயிர். ஆனால் பிள்ளை சரித்திரத்தை இரண்டு முறை எடுத்து இரண்டு முறையும் நூறு பக்கத்தில் வைத்துவிட்டேன். எல்லா இடத்திலும் குருவுக்குக் கைகூப்பியபடியே எழுதுகிறார். இன்னின்ன தலத்துக்கு இன்னின்ன புராணம், இன்னார் நூலுக்குச் சிறப்புப்பாயிரம் என்ற பாராட்டுப் பாட்டு, இந்த ஊரில் அரங்கேற்றம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்கள், அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை. இன்றைக்கு அவற்றை யார் படிக்கிறோம்? யாரும் படிக்காத கவிதைகளை எழுதியவரின் வாழ்க்கையை இத்தனை பக்கம் ஏன் படிக்க வேண்டும் என்ற கேள்வி எனக்கு நிஜமாகவே இருக்கிறது. வீட்டுக்குள் போயிருந்தாலாவது மனிதரைப் பார்த்திருக்கலாம்.

தமிழ்டீச்சர்

நெய்தல் தம்பி, முப்பத்திரண்டு வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். “பத்திச்சுவை நனிசொட்டச் சொட்டப் பாடிய கவிவலவ” என்ற வரியை நீங்கள் கேட்டிருப்பீர்கள். சேக்கிழாரைப் பற்றி யார் மேடையில் பேசினாலும் இது வராமல் இருக்காது. யார் பாடியது? மீனாட்சிசுந்தரம் பிள்ளை, சேக்கிழார் பிள்ளைத்தமிழில். பெயர் தெரியாமலே ஒரு வரி ஊரெல்லாம் நடமாடுகிறது. அந்தப் பிள்ளைத்தமிழை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

கைகூப்பியே எழுதுகிறார் என்பதை நான் முழுதாக ஒப்பமாட்டேன். கைகூப்புகிறவர் மறைக்க நினைப்பதை இவர் மறைக்கவில்லையே. கடன்! பிள்ளைக்குக் கடன் இருந்தது, அது தீரவே இல்லை, கடன் கொடுத்தவர்கள் கேட்டார்கள் என்பதை இரண்டு புத்தகத்திலும் எழுதியிருக்கிறார். ‘மகாவித்துவான்’ என்று ஆதீனமே பட்டம் கொடுத்த மனிதருக்கு எண்ணெய் முழுக்குக்கு எண்ணெய் இல்லாத நாளும் இருந்தது என்று எழுதுகிறார். மகன் சிதம்பரம் பிள்ளையின் கல்யாணத்துக்கு ‘என் சரித்திர’த்தில் ஒரு அத்தியாயமே இருக்கிறது. அவருக்கு வந்தது போதாமலா போயிற்று? வந்ததெல்லாம் போயிற்று. மாணவர்களிடம் சல்லிக்காசு வாங்காமல், சோறும் போட்டுப் பாடம் சொன்னவர். அந்தக் கணக்கு எப்படி நேராகும்?

ஒருவருடைய வறுமையை அவமானம் தோன்றாமல் எழுதுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எங்கள் வீட்டில் என் அப்பாவின் கடனைப் பற்றி இன்றைக்கும் யாரும் வாய்திறப்பதில்லை. ஐயர் அதைக் குருவின் பெருமையோடு சேர்த்தே எழுதுகிறார். எனக்கு அந்தப் பக்கங்கள்தான் வீட்டுக்குள் போவது.

அரசலாறு

கும்பகோணத்துக்காரன் என்ற உரிமையில் நுழைகிறேன்.

நெய்தல் சொன்ன அந்தத் தலபுராண வரிசை எனக்கும் முதலில் அலுப்பாகத்தான் இருந்தது. அப்புறம் அதை வருமானக் கணக்காகப் படிக்க ஆரம்பித்தேன், வேறு புத்தகமாகிவிட்டது. எப்படி நடக்கும் என்று பாருங்கள். ஒரு ஊரில் பழைய கோயில் இருக்கும், வடமொழியில் ஒரு மான்மியம், அதாவது தலப்பெருமை சொல்லும் நூல், இருக்கும். ஊர்ப் பெரியவர்களோ தருமகர்த்தாவோ வந்து பிள்ளையைக் கேட்பார்கள். வடமொழி தெரிந்தவரைக் கொண்டு அதைத் தமிழ் வசனமாக்கி வைத்துக்கொள்வார்கள். பிள்ளை மனதிலேயே பாட்டுக் கட்டிச் சொல்லிக்கொண்டே போவார், ஒரு மாணவர் ஓலையில் எழுத்தாணியால் எழுதிக்கொண்டே போவார். பிறகு அந்தக் கோயிலிலேயே பல நாள் அரங்கேற்றம். அது முடிகிற அன்று மரியாதை, சம்மானம். ஒரு கவிஞருக்கு அன்றைக்கு வேறு என்ன வழி இருந்தது? அச்சடித்து விற்று வாழும் காலம் இன்னும் வரவில்லை. மடத்து ஆதரவு, பிரபுக்களின் சம்மானம், ஊர்க்கோயில் புராணம் என்ற மூன்றில்தான் அவர் அடுப்பு எரிந்தது. எனவே அந்தப் புராணப் பட்டியலே அவர் வீட்டுச் செலவுக் கணக்குதான், பொன்வண்டு அக்கா.

ஐயரின் காலத்தில் அது மாறிவிட்டது. 1880இல் தியாகராச செட்டியார் ஓய்வு பெறும்போது அந்த இடத்துக்கு இவரைப் பிடிவாதமாகச் சிபாரிசு செய்து கும்பகோணம் காலேஜில் சேர்த்துவிட்டார். செட்டியாரும் பிள்ளையின் மாணவர்தான், இவருக்கு மூத்தவர். மாதச் சம்பளம் ஐம்பது ரூபாய். குருவுக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைக்காத ஒன்று, மாதம் பிறந்தால் வரும் பணம், சீடருக்குக் கிடைத்தது. அந்த நன்றியை அவர் எப்படி வைத்திருந்தார் என்றால், பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் குடியிருந்த வீட்டுக்கே ‘தியாகராச விலாசம்’ என்று பெயர் வைத்தார். செட்டியாரின் சரித்திரத்தையும் தனியாக எழுதினார்.

நெய்தல்

டீச்சரம்மா, சேக்கிழார் பிள்ளைத்தமிழை இறக்கிக்கொண்டேன். அந்த வரி பிள்ளையுடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

அரசலாறு சொன்னது எனக்குப் பெரிய திறப்பு. அப்படிப் படிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

ஆனாலும் ஒன்று கேட்க வேண்டும். சாப்பாடு. பிள்ளை வேளாளர், சாமிநாதையர் பிராமணர். ஒரே கூரையில் படித்தாலும் சாப்பாடு தனி. பையன் எங்கே சாப்பிடுவான் என்பதற்கு அவன் தகப்பனார் தனியாக ஏற்பாடு செய்கிறார். அதை ஐயர் சாதாரணமாக எழுதிக்கொண்டு போகிறார், நின்று யோசிக்கவே இல்லை. இன்றைக்கு அந்த இடங்களைப் படிக்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. காவேரியாச்சி ஏன் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம். அந்த வீட்டுச் சமையலறைப் பக்கம் அவர் போயே இருக்க மாட்டார். அந்த அம்மாள் கையால் ஒருவேளைகூடச் சாப்பிட்டிராத ஒருவர் அவரைப் பற்றி என்ன எழுத முடியும்?

பொன்வண்டு

நெய்தல், நீங்கள் கடைசியாக எழுதிய வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதான் காரணம்” என்றார்.

எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஊட்டியவர்களை நினைவு வைத்துக்கொள்வதில் ஐயருக்கு நிகர் கிடையாது. எந்த ஊரில் யார் வீட்டில் என்ன உபசாரம் நடந்தது என்பதை எழுபது வருஷம் கழித்தும் சொல்கிறார். தன் அம்மா சரஸ்வதியம்மாளைப் பற்றி எழுதும் இடமெல்லாம் குரல் இளகிப்போகிறது. ஆக, பெண்களைப் பார்க்கத் தெரியாதவர் என்று சொல்ல முடியாது. கண்ணுக்கு எட்டிய தூரத்தைத்தான் எழுதினார். அந்தக் கண்ணை எங்கே நிறுத்திவைத்தார்கள் என்பது அவர் கையில் மட்டும் இல்லை.

தமிழ்டீச்சர்

இதை நானும் யோசித்ததில்லை நெய்தல். சரியாகவே கேட்டிருக்கிறீர்கள். மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் அதே புத்தகத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பிள்ளையிடம் யார் யார் படித்தார்கள்? சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர், கூடவே இருந்து பணிவிடை செய்தவர். புதுச்சேரி சவராயலு நாயகர் கிறிஸ்தவர். நாகூர் குலாம்காதிறு நாவலர் இஸ்லாமியர். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, பின்னால் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ எழுதியவர், அவரும் கிறிஸ்தவர். அவர்மேல் பிள்ளை ‘குளத்தூர்க் கோவை’ பாடினார். சைவ மடத்து மகாவித்துவான் ஒரு கிறிஸ்தவ நண்பருக்குக் கோவை பாடியிருக்கிறார். இலையில் இருந்த கோடு பாடத்தில் இல்லை. ஐயர் இரண்டையும் எழுதிவைத்திருக்கிறார். ஒன்றை எழுதி மற்றதை விட்டிருந்தால் நாம் இப்படிப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

பழம்பதிப்பு

இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்லத்தான் நான் மறுபடி வந்தேன். அங்கேதான் வாழ்க்கை வரலாறு எழுதும் வித்தை தெரியும்.

சங்கீத விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐயரின் தந்தை வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான், கனம் கிருஷ்ணையரிடம் படித்தவர். பையனும் சங்கீதத்தை விடக் கூடாது என்பது அவர் ஆசை. மாயூரத்தில் அப்போது ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இருக்கிறார். பையன் அவரிடம் போய்க் கற்றுக்கொள்கிறான், பிள்ளைக்குத் தெரியாது. ஒருநாள் பாரதியாரே பிள்ளையிடம் சொல்லிவிடுகிறார். பிள்ளை திட்டவில்லை. சங்கீதத்தில் மனம் போனால் இலக்கியத்தில் நிற்காது என்ற மட்டில் சொல்கிறார், அத்தோடு பையன் சங்கீதத்தை விட்டுவிடுகிறான். ஒரு சொல்லில் ஒரு வாழ்க்கை திரும்பிவிட்டது. தமிழுக்கு அது லாபம், நமக்குத் தெரியும். தகப்பனாருக்கு?

பிள்ளைக்குச் சங்கீதம் பிடிக்காது என்று இதை வைத்து முடிவுகட்டிவிட வேண்டாம். நந்தனார் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டும் என்று பாரதியார் பலமுறை நடந்தும், இலக்கணப் பிழைகள் இருக்கின்றனவே என்று பிள்ளை தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் ஒருநாள் பாரதியார் பாடக் கேட்டு உருகிப்போய் எழுதிக்கொடுத்தார். குரு பிடிவாதக்காரர், தவறான இடத்தில் பிடிவாதம் பிடித்தார், பின் இளகினார் என்பதை எந்தச் சீடன் எழுதுவான்? இவர் எழுதியிருக்கிறார். கைகூப்பிய கை என்றாலும் கண் திறந்திருந்தது என்று அதனால்தான் சொல்கிறேன், நெய்தல்.

கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் மூவரின் சரித்திரத்தையும் ஐயர் தனித்தனியாக எழுதினார். விட்டுப்போன சங்கீதத்துக்குக் கடைசிக் காலத்தில் செய்த கைம்மாறோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பொன்வண்டு

ஐயா, சங்கீதக் கதையை நீங்கள் சொன்ன மாதிரியே இரண்டையும் வைத்துப் படித்தேன். ‘என் சரித்திர’த்தில் அது ஒரு பையனின் பயம். கண்டுபிடித்துவிட்டாரே, இனி என்ன ஆகும் என்ற பயம். அந்தப் புத்தகத்தில் குரு எப்போதும் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த உயரத்தில் இருக்கிறார். சரித்திரத்தில் அதே ஆள் கொஞ்சம் தள்ளி, பெரிய கூட்டத்தின் நடுவில் நிற்கிறார்.

பெயர் விஷயமும் நினைவுக்கு வருகிறது. வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். பிள்ளைதான் கேட்டுவிட்டுச் சாமிநாதன் என்றே அழைக்கலாம் என்கிறார். வீட்டில் கூப்பிட்ட பெயரும் அதுதான். அன்றிலிருந்து உலகத்துக்கே அவர் சாமிநாதன். குரு வைத்த பெயரோடு பல வருஷம் பதிப்பித்துவிட்டு, அந்தப் பெயரைப் போட்டே குருவின் வாழ்க்கையை எழுதியிருக்கிறார். அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் இது தோன்றுகிறது.

மறுவாசிப்பு

தாமதமாக வருகிறேன். பொன்வண்டு கேட்டது “வீட்டுக்குள் எவ்வளவு தூரம்” என்பதுதானே. அதற்கு எதிர்முனையில் நிற்கும் புத்தகம் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளை சரித்திரம் வந்து ஏழே வருஷத்தில், 1941இல், செல்லம்மா பாரதியின் ‘பாரதியார் சரித்திரம்’ வந்தது. அங்கே சொல்கிறவர் சமையலறையிலேயே நிற்கிறார். திருச்சி வானொலியில் அவர் பேசிய ‘என் கணவர்’ உரையையும் படியுங்கள். கவிஞருக்கு மனைவியாக இருப்பது எப்படிப்பட்ட பாடு என்பதை ஒளிக்காமல் சொல்கிறார். அன்பும் இருக்கிறது, அலுப்பும் இருக்கிறது.

அப்புறம் யதுகிரி அம்மாளின் ‘பாரதி நினைவுகள்’. மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள், புதுச்சேரியில் சிறுமியாக இருந்தபோது பாரதி வீட்டுக்குள் ஓடியாடிக்கொண்டிருந்தவர். சமைக்க வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு அள்ளிப் போட்ட கதை எல்லாருக்கும் தெரியும். மேடையில் அதைப் பாரதியின் கருணைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். அந்த வீட்டுப் பெண்களுக்கு அது அன்றைக்கு மிஞ்சியிருந்த அரிசி. ஒரே பிடி அரிசி, திண்ணையிலிருந்து பார்த்தால் ஒன்று, அடுப்பங்கரையிலிருந்து பார்த்தால் வேறொன்று.

பிள்ளைக்கு ஒரு சாமிநாதையர் கிடைத்தார். காவேரியாச்சியோ சிதம்பரம் பிள்ளையோ ஒரு புத்தகம் எழுதியிருந்தால் அந்தக் கடனைப் பற்றி அவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? மாணவர்களுக்குச் சோறு போட்டதைத் தருமம் என்று சொல்லியிருப்பார்களா? எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

தமிழ்டீச்சர்

மறுவாசிப்பு, நீங்கள் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் கணவரும் எழுத்தாளர்தான், சின்ன அளவில். வீட்டுக்கு வந்த இலக்கிய நண்பர்கள் இன்றும் எங்கள் வீட்டுக் காபியைப் பற்றி எழுதுகிறார்கள். அந்தக் காபிக்குப் பால் வாங்கிய கணக்கு என் நோட்டில் இருக்கிறது.

ஆனாலும் ஐயர் எழுதாமல் விட்டதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எழுதியது அவ்வளவு இருக்கிறது.

பழம்பதிப்பு

ஒரு சேர்க்கை. ஐயர் தன் மனைவியைப் பற்றியும் இப்படித்தான். 1868இல் நடந்த தன் கல்யாணத்தை விரிவாக, அந்தக் காலத்துக் கல்யாணம் எப்படி நடக்கும் என்பதையெல்லாம் சேர்த்து எழுதுகிறார். பெண் மாளாபுரத்து மதுராம்பிகை. அதன்பின் அத்தியாயம் அத்தியாயமாகச் சுவடி தேடுகிறார், ஊர் ஊராகப் போகிறார், 1887இல் சீவகசிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு என்று பதிப்பித்துக்கொண்டே இருக்கிறார். வீட்டில் இருந்து அத்தனையையும் தாங்கியவர் பக்கங்களில் தென்படுவது மிக அபூர்வம். குருவின் வீட்டுக்கு ஒரு நீதி, தன் வீட்டுக்கு ஒரு நீதி என்று வைக்கவில்லை. வீட்டுப் பெண்களைப் பற்றி வெளியில் பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று வளர்ந்த தலைமுறை அது.

செல்லம்மா, யதுகிரி எழுதியதன் அருமை இதனால் இன்னும் கூடுகிறது என்று மறுவாசிப்புடன் சேர்ந்து நானும் சொல்வேன்.

ஐயர் விட்ட இடத்திலிருந்து அவருடைய மாணவர் கி.வா. ஜகந்நாதன் எழுதிய ‘என் ஆசிரியப்பிரான்’ இருக்கிறது. நின்றுபோனதில் உங்கள் அப்பாவுக்கு வருத்தம் என்றீர்களே, அவருக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். குருவைச் சீடர் எழுதினார், அந்தச் சீடரை அவருடைய சீடர் எழுதினார்.

அரசலாறு

படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை: முதலில் ‘என் சரித்திரம்’, பிறகு பிள்ளை சரித்திரம். முதலாவதைப் படித்துவிட்டால் இரண்டாவதில் வரும் ஊர்ப் பெயரெல்லாம் சொந்த ஊர் மாதிரி ஆகிவிடும். பட்டீச்சுரம், திருவாவடுதுறை, மாயூரம், திருப்பெருந்துறை எல்லாமே. பிள்ளை சரித்திரத்தில் பொறுமை இல்லாதவர்கள் ஒரு இடத்தை மட்டுமாவது தேடிப் படியுங்கள். திருச்சியில் பிள்ளை இளைஞராக இருந்தபோது ஒரு பரதேசிக்குத் தண்டியலங்காரம் தெரியும் என்று கேள்விப்பட்டு, அவர் பிச்சைக்குப் போகும் தெருவெல்லாம் கூடவே நடந்து பாடம் கேட்கிறார். அந்த இடம் வந்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

இரண்டுமே மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்தைப் பெரிதாக்கிப் படித்துக்கொள்ளலாம்.

நெய்தல்

மூன்றாவது முறையாக எடுத்திருக்கிறேன். இந்தத் தடவை பின்பகுதியிலிருந்து தொடங்கினேன், அவர் கண்ணால் கண்ட பகுதியிலிருந்து. நூறு பக்கம் தாண்டியாகிவிட்டது, வைக்கத் தோன்றவில்லை. திருப்பெருந்துறையில் புராண அரங்கேற்றம் நடக்கும்போது காய்ச்சலில் விழுந்து இவர் குருவைப் பிரிந்து ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கிறதே, அந்த இடத்தில் இருக்கிறேன்.

பொன்வண்டு

நேற்று ராத்திரி முடித்துவிட்டோம்.

கடைசிப் பகுதியை ஒரே நாளில் படிக்க அப்பா விடவில்லை. மூன்று நாள் வைத்துக்கொண்டார். திருவாவடுதுறையில் பிள்ளையின் கடைசி ராத்திரி. சவேரிநாத பிள்ளை பின்னால் இருந்து தாங்கிக்கொண்டிருக்கிறார், குருவின் உடம்பு அவர்மேல் சாய்ந்திருக்கிறது. சாமிநாதையர் பக்கத்தில் உட்கார்ந்து திருவாசகத்தில் அடைக்கலப்பத்தைப் படிக்கிறார். இருபத்தொரு வயதுகூட நிரம்பாத பையன். ஒரு கிறிஸ்தவர் தாங்கியிருக்க, பிராமணப் பையன் திருவாசகம் படிக்க, வேளாளக் கவிஞர் போகிறார். டீச்சரம்மா, இலையில் இருந்த கோடு பற்றி நீங்கள் எழுதியது அப்போது நினைவுக்கு வந்தது.

அதற்குமேல் எனக்குக் குரல் எழும்பவில்லை. அப்பாதான் அடைக்கலப்பத்தை எடுத்து ஒருமுறை படி என்றார். எங்கள் வீட்டுத் திருவாசகம் அம்மாவுடையது, மஞ்சள் துணி அட்டை போட்டது. பத்துப் பாட்டையும் படித்தேன். அப்பா உதட்டை அசைத்துக்கொண்டே கூட வந்தார்.

அப்புறம், “அந்தம்மா பேர் வர்ற பக்கத்தை இன்னொரு தடவை எடு” என்றார். முன்னால் போய்க் கண்டுபிடித்து, காவேரியாச்சி என்று பெயர் வரும் அந்த வாக்கியத்தைப் படித்தேன். இன்னொரு தடவை என்றார். படித்தேன். அங்கே ஒரு தாளை மடித்து அடையாளம் வைத்திருக்கிறேன்.

பழம்பதிப்பு ஐயா, ‘என் ஆசிரியப்பிரான்’ பழைய புத்தகக் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். அது வரும்வரை தியாகராச செட்டியார் சரித்திரம். இன்றைக்கு ராத்திரி தொடங்குகிறோம்.